மணல் ஆறும்வரை

1

ஜேர்மனியிலும் பாலைவனம் இருக்கிறது என்று சொன்னால் ஊரில் ஒருவரும் நம்புவதில்லை. படம் அனுப்பினாலும், "இது எங்கட மணற்காட்டில நிண்டு எடுத்த படம்தானே?" என்று சித்தியின் மகள் கேட்கிறாள்.

இருக்கிறது. பேர்லினுக்குத் தெற்கே ரயிலில் ஒன்றரை மணித்தியாலம், பிறகு பஸ்ஸில் அரை மணித்தியாலம். ஊரின் பெயரை எழுதவில்லை. எழுதப்போகிற விசயத்தில் என் பக்கத்துப் பிழையும் ஒன்று உண்டு.

நான் இங்கே வந்து இந்த ஓகஸ்டுடன் மூன்று வருடம். அதற்கு முன் டோர்ட்மண்டில் இருபத்தெட்டு வருடம் இருந்தேன். கணவர் காலமான பிறகு அந்த வீட்டில் தனியே இருக்க ஏலாமல் போனது. ஒரே மகள் அபிராமி இங்கே பாலைவனப் பாதுகாப்புப் பகுதியில் வழிகாட்டியாக வேலை செய்கிறாள். வரட்டோ என்று கேட்டேன். "வாங்கோ அம்மா, ஆனால் என்ர வீட்டில இல்ல" என்றாள். இங்கு பிறந்த பிள்ளைகள் அப்படித்தான் பேசுவார்கள். அன்பு குறைந்து சொல்வதில்லை, ஆனாலும் ஒரு நாள் முழுக்க நெஞ்சுக்குள் கிடக்கும்.

டோர்ட்மண்ட் நகரசபையில் முகவரி மாற்றப் போனபோது அங்கிருந்த பெண், எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள். ஜேர்மனில் பாலைவனத்துக்கு 'வூஸ்த', கடற்கரைக்கு 'கூஸ்த'. நான் கூஸ்த என்று சொல்லிவிட்டேன். "ஆகா, கடற்கரைக்கா! நல்ல காற்று கிடைக்கும்" என்று வாழ்த்தி அனுப்பினாள். திருத்தவில்லை. இருபத்தெட்டு வருடத்தில் திருத்தாமல் விட்ட எத்தனையோ சொற்களில் அதுவும் ஒன்று.

2

பைன் மரக் காடு ஒரு கோடு போட்டதுபோல முடியும். அதற்கு அப்பால் வெறும் மணல். ஒரு காலத்தில் பெரும் தீ அந்தக் காட்டைத் தின்றதாம். பிறகு அந்நிய இராணுவமொன்றின் யுத்தத் தாங்கிகள் பல வருடங்களாக அதில் ஓடியும் சுட்டும் பழகியிருக்கின்றன. அவர்கள் போய்விட்டார்கள். சுட்டதில் வெடிக்காதவை உள்ளே இருக்கின்றன. அதனால்தான் அந்த நிலத்தில் ஒருவரும் வீடு கட்டவில்லை, உழவில்லை, மரம் நடவில்லை. ஓநாயும் கொண்டலாத்திப் பறவையும் குடியேறின. அவற்றைப் பார்க்க உல்லாசப் பயணிகள் வருகிறார்கள்.

கோடையில் முப்பத்தேழு பாகை வரை போகும். மத்தியானத்தில் மணலில் கை வைக்க முடியாது. ஆனால் சூரியன் சரிந்தால் மணல் சூட்டைப் பிடித்து வைத்திருக்காது, அடுப்பை அணைத்ததுபோல ஆறிவிடும். குளிர்காலத்தில் நிலம் உறைந்து விரியும்போது உள்ளே கிடக்கும் இரும்பைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளும். போன வருடம் ஒன்றும் இல்லாதிருந்த இடத்தில் இந்த வசந்தத்தில் துருப்பிடித்த ஒரு முனை தெரியும். நிலம் தானாகவே ஒன்றை ஞாபகப்படுத்துவது போல இருக்கும். காட்டோரம் தீப்பிடித்தால் தீயணைப்புப் படை உள்ளே போகாது. வெளியே நின்று தண்ணீர் அடிப்பார்கள். உள்ளே எங்கேயோ 'டொக், டொக்' என்று கேட்கும். அந்தச் சத்தம் கேட்கும் நாட்களில் நான் வானொலியின் சத்தத்தைக் கூட்டி வைப்பேன்.

பயணிகளுக்கு வேண்டிய வசதி எல்லாம் உண்டு. மரத்தால் கட்டிய உயர்ந்த பார்வை மேடை, தூரநோக்கி, இருந்து பார்க்கக் கூரை போட்ட வாங்குகள், மரத்தூள் போடுகிற கழிப்பறை, குடிநீர்க் குழாய், சைக்கிளுக்கு மின்சாரம் ஏற்றுகிற கம்பம். மேடையிலிருந்து ஒரு பாதை போகும். இரண்டு பக்கமும் கயிறு. கயிற்றுக்கு அப்பால் 'உயிராபத்து' என்று பலகை, ஜேர்மனிலும் ஆங்கிலத்திலும் போலிஷிலும். தமிழில் இல்லை. அது தேவைப்படும் என்று யார் நினைத்திருப்பார்கள்?

நான் லேமன் அம்மாவின் விருந்தினர் விடுதியில் வேலை செய்கிறேன். எட்டு அறை. காலையில் சாப்பாடு வைப்பது, பிறகு அறைகள் துப்புரவு. எவ்வளவு கூட்டினாலும் ஜன்னல் விளிம்பிலும் படுக்கையிலும் மணல் இருக்கும்.

3

போன வருடம் ஓகஸ்டில், மணலோரப் புதர்களில் ஊதாப் பூக்கள் விரியத் தொடங்கிய கிழமை, ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். ஒரு சிறிய முதுகுப்பை. வரவேற்பு மேசையில் அன்று நான்தான் நின்றேன். என்னைக் கண்டதும் அவருடைய ஜேர்மன் நின்றுவிட்டது.

"நீங்கள் தமிழோ?"

"ஓம்."

"இங்கயுமோ!" என்றார். சிரிக்கவில்லை.

பெயர் யோகராசா. ஒரு பெரியவருக்கும் ஒரு பிள்ளைக்கும் என்று அறை பதிவு செய்திருந்தார். அதனால் லேமன் அம்மா காலையிலேயே சின்னக் கட்டில் ஒன்றைப் போட்டுவைக்கச் சொல்லியிருந்தார். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் நிரப்பும் படிவத்தை நீட்டினேன். 'உடன் வருபவர்' என்ற இடத்தில் 'நிலானி, மகள்' என்று அழகாக எழுதினார்.

"மகள் எங்க தம்பி?"

"வருவா."

"ஆரோட வாறா?"

"நான்தான் போய்க் கூட்டிக்கொண்டு வரவேணும்" என்றார். பஸ் நிலையத்தில் நிற்கிறாளாக்கும் என்று நினைத்தேன். ஆனால் அவர் எங்கும் போகவில்லை. மாலை முழுவதும் பின்வளவில் மணல் பக்கம் பார்த்தபடி கதிரையில் இருந்தார்.

தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தபோது தானாகவே கதைத்தார். அவர் வேலை செய்யும் களஞ்சியத்தில் ஒரு கலண்டர் தொங்குகிறதாம். அதில் ஓகஸ்ட் மாதத்துக்கு இந்த இடத்தின் படம்.

"அதே மணல் அக்கா. அங்க பனை, இங்க இந்த மரம். மணல் அதேதான். ஒரு மாசமா அந்தப் படத்துக்கு முன்னால நிண்டிருக்கிறன். மனேச்சர் ஏசிப்போட்டுப் போனான்."

"மகளுக்கு எத்தின வயசு?"

"ஆறு."

கோப்பையைக் கீழே வைத்தார். கடைசிச் சண்டைக் காலத்தில் கடலோர மணலில் சனத்தோடு சனமாக நடந்ததைச் சொன்னார். மனைவி அதற்கு முதலே இறந்துவிட்டா. பிள்ளை மட்டும் கையில்.

"பக்கத்தில ஷெல் விழுந்தது. விழுந்தோடன கையை விட்டிட்டன். நான்தான் விட்டனான், அவ விடேல்லை. எழும்பிப் பாத்தன். சனம்தான் அக்கா. சனம், சனம், சனம்."

முதுகுப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துக் காட்டினார். ஊரிலிருந்து உறவினர் அனுப்பிய விண்ணப்பம். காணாமல் போனவருக்குச் சான்றிதழ் பெறுவதற்கு. எத்தனையோ இடத்தில் மனு கொடுத்து, பதில் வராமல், மறுபடி கொடுத்து, கடைசியில் இந்தத் தாளுக்கு வந்து நின்றிருக்கிறது. நாலாவது பக்கத்தில் ஒரு கேள்வியில் விரலை வைத்தார். 'காணாமல் போனவர் எங்கே, யாரால் தேடப்பட்டார்?'

"ஆரும் தேடேல்லை எண்டு எப்பிடி எழுதுறது?" என்றார்.

கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன். அப்போதே அபிராமிக்குச் சொல்லியிருக்க வேண்டும். மனம் நொந்த மனிதர், நாளைக்கு மேடையில் நின்று பார்த்துவிட்டுப் போவார் என்று நினைத்துக்கொண்டேன்.

4

காலையில் அவர் சாப்பாட்டுக்கு வரவில்லை. பத்து மணிக்கு அறையைத் திறந்தேன். அவருடைய கட்டில் விரித்தபடியே இருந்தது, படுத்த அடையாளம் இல்லை. சின்னக் கட்டிலில் போர்வை விலகியிருந்தது. விரிப்பின் நடுவில் ஒரு கைப்பிடி மணல்.

எல்லா அறையிலும் மணல் இருக்கும் என்று மேலே எழுதினேன். அன்றும் அதைத்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்தக் கட்டிலை நான் தட்டி விரிக்கவில்லை. கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்தேன், உள்ளே யாரோ நித்திரை கொள்வதுபோல.

பன்னிரண்டரைக்கு அபிராமியின் தொலைபேசி. என்னோடு பெரும்பாலும் ஜேர்மனில் பேசுகிற பிள்ளை அன்று தமிழில் தொடங்கினாள்.

"அம்மா, கெதியா வாங்கோ. ஒரு தமிழ் ஆள் உள்ளுக்குப் போயிட்டார். நாங்கள் கூப்பிடக் கூப்பிடத் திரும்பிறார் இல்ல."

லேமன் அம்மா காரில் கொண்டுபோனார். மேடையில் இருபது பேர் வரை நின்றார்கள். தீயணைப்பு வண்டியும் பொலிஸ் வண்டியும் மரநிழலில் நின்றன. கயிற்றுக்கு அப்பால் அவர்களில் ஒருவரும் காலடி வைக்க முடியாது. வெடி அகற்றுகிறவர்கள் வர இரண்டு மணித்தியாலம் ஆகுமாம்.

மத்தியான வெயிலில் மணல் வெள்ளையாக எரிந்தது. ஒரு பறவைச் சத்தம் இல்லை. முந்நூறு மீற்றர் தூரத்தில் ஒரு மனிதர். வெக்கையில் அவருடைய கால்கள் தெரியவில்லை, உடம்பு மட்டும் தண்ணீரில் மிதப்பதுபோல ஆடியது. இரண்டு அடி வைப்பார், நிற்பார். இடது பக்கம் சாய்ந்து குனிவார். பிறகு இன்னும் இரண்டு அடி. அப்படி நடக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். சின்னப் பிள்ளையின் நடைக்குத் தன் நடையைக் குறைக்கிறவர்கள் அப்படித்தான் நடப்பார்கள்.

தீயணைப்புக்காரர் ஒலிபெருக்கியை என் கையில் தந்தார்.

"யோகராசா தம்பி! நில்லுங்கோ!"

என் குரல் மணலில் போய் எங்கும் மோதாமல் கரைந்தது. அவர் நின்றார். திரும்பவில்லை.

"அதில வெடி இருக்கு. திரும்பி வாங்கோ!"

இன்னும் இரண்டு அடி முன்னால் வைத்தார். பக்கத்தில் அபிராமியின் கை மேடைக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்ததைக் கண்டேன். அப்போதுதான் எனக்கு விளங்கியது, இந்த மனிதருக்குத் தன் உயிரைப் பற்றிச் சொல்லிப் பயனில்லை என்று.

"தம்பி, பிள்ளைக்கு வெயில் ஏலாது! பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாங்கோ! வந்த அடியிலேயே கால் வைச்சு வாங்கோ!"

அவர் திரும்பினார். நின்று என் பக்கம் பார்த்தார். பிறகு குனிந்து எதையோ தூக்கித் தோளில் சாய்த்துக்கொள்வதுபோல கைகளை மடித்தார். அப்படியே, தன் காலடிகளைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொன்றாக மிதித்து வந்தார். முக்கால் மணித்தியாலம் எடுத்தது. மேடையில் ஒரு கிழவி அழுதுகொண்டிருந்தார். அவர் எதைக் கண்டு அழுதார் என்று எனக்குத் தெரியாது.

கயிற்றுக்குக் கிட்ட வந்ததும் யோகராசாவின் கைகள் மெல்ல இறங்கின. இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார். திரும்பி மணலைப் பார்த்தார். நிலத்தில் குந்தி இருந்துவிட்டார்.

5

பொலிஸ் அதிகாரி நாற்பது வயதுப் பெண். தண்ணீர் கொடுத்து, நிழலில் இருத்தி, என்னை மொழிபெயர்க்கச் சொன்னார்.

"உங்களோடு உள்ளே வேறு யாராவது போனார்களா?"

நான் தமிழில் கேட்டேன்.

"ஓம். மகள்" என்றார் யோகராசா.

அதை அப்படியே ஜேர்மனில் சொன்னேன். அதிகாரியின் முகம் மாறியது. "எத்தனை வயது?" "ஆறு." லேமன் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "படிவத்தில் இரண்டு பேர். சின்னக் கட்டில் போட்டுக் கொடுத்தோம்." இந்த நாட்டில் தாளில் இருப்பது உண்மை. அதிகாரி என்னிடம் திரும்பினார்.

"நீங்கள் அந்தப் பிள்ளையைக் கண்டீர்களா?"

இதுதான் நான் சொல்ல வந்த இடம். "காணவில்லை. ஆனால் கட்டிலில் மணல் இருந்தது" என்றேன். இரண்டும் உண்மை. முந்தின நாள் மாலை கேட்ட கதையைச் சொல்லியிருந்தால் அந்த நிமிடமே எல்லாம் முடிந்திருக்கும். சொல்லவில்லை. வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

ஓநாய்களைப் பார்க்க வைத்த கமராக்களில் ஒன்று அவர் போன வழியில் இருந்தது. அபிராமி தன் கணினியில் படத்தை எடுத்தாள். யோகராசா இடப்பக்கம் சாய்ந்து நிற்கிறார், இடது கை கீழே நீண்டிருக்கிறது. அந்தக் கையின் மணிக்கட்டோடு படத்தின் விளிம்பு முடிகிறது. விரல்கள் எதைப் பிடித்திருக்கின்றன என்று தெரியாது.

"பிள்ளை இல்லை என்று சொல்ல முடியாது" என்றார் அதிகாரி. தேடுதல் தொடங்கியது.

வெக்கையைக் காட்டும் கமரா பூட்டிய ட்ரோன் ஒன்றைக் கொண்டுவந்து ஏற்றினார்கள். திரையில் நிலம் முழுவதும் ஒரே வெள்ளை. மணலின் சூடு மனித உடம்பின் சூட்டை மறைத்துவிடுகிறதாம். தீயணைப்புக்காரர், "மணல் ஆறவேண்டும். அதுவரை கண்ணால்தான்" என்றார். ஆகவே கண்ணால் தேடினார்கள். ட்ரோன் தாழப் பறந்து புதர் புதராகப் பார்த்தது. தொண்டர்கள் பதினான்கு பேர் காட்டோரமாக வரிசையாக நடந்து, நான் சொல்லிக் கொடுத்தபடி "நிலானி! நிலானி!" என்று கூப்பிட்டார்கள். 'ழ'வும் 'ள'வும் வராத ஜேர்மன் வாய்களுக்கு அந்தப் பெயர் பழுதில்லாமல் வந்தது. நாலு பக்கமிருந்தும் அந்தப் பெயர் எழும்பி மணலுக்கு மேலே போனது. யோகராசா வாங்கில் அசையாமல் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

அபிராமி என்னை ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போனாள். "அம்மா, உண்மையா ஒரு பிள்ளை இருக்கோ?"

"இருந்தது."

"நீங்கள் பொலிசிட்டச் சொல்லவேணும்."

"ஓம். சொல்லவேணும்."

ஆனால் நானும் போகவில்லை, அவளும் போகவில்லை.

சூரியன் மரங்களில் இறங்கியது. மணல் ஆறியது. திரையில் வெள்ளை மங்கி, சாம்பலாகி, கறுத்தது. அந்தக் கறுப்பின் நடுவில், ஊதாப் புதர்களின் ஓரத்தில், சிறிய வெளிச்சப் புள்ளி ஒன்று தெரிந்தது. அசைந்தது. நின்றது. திரும்பவும் அசைந்தது. ட்ரோன் இறங்க, அது மெதுவாகப் புதருக்குள் போய் மறைந்தது.

"மான்குட்டி" என்றார் திரையைப் பார்த்தவர்.

"என்னவாம்?" என்று யோகராசா கேட்டார்.

"மான்குட்டி எண்டு சொல்லினம்."

"மானெண்டால் பயமில்லை" என்றார்.

மான்குட்டி அவ்வளவு மெதுவாகப் போகாது என்று அபிராமி பிறகொரு நாள் என்னிடம் சொன்னாள். அவளுக்குத் தெரியும், அது அவளுடைய வேலை. நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

அறிக்கைக்காக அதிகாரி பிள்ளையின் பிறந்த திகதியைக் கேட்டார். யோகராசா சொன்னார். நான் அதை மாற்றாமல் ஜேர்மனில் சொன்னேன். அதிகாரி எழுதினார். பேனை நின்றது. அவர் கணக்குப் பார்ப்பதைக் கண்டேன். அது ஆறு வயதுப் பிள்ளை அல்ல, இருந்திருந்தால் இருபத்திரண்டு வயதுப் பெண். தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுத்துக்கொண்டேன்.

கோபப்பட்டிருக்கலாம். பதினான்கு பேரின் ஒரு நாளை நான் எடுத்திருந்தேன். அவர் புத்தகத்தை மூடிவிட்டு, ட்ரோன்காரரிடம் போய், "இன்னும் எவ்வளவு மிச்சம்?" என்று கேட்டார். "கிழக்குப் பக்கத்தில் ஒரு துண்டு." "அதையும் பாருங்கள்."

அதையும் பார்த்தார்கள். அது முடிந்ததும் அதிகாரி வந்து, தொப்பியைக் கழற்றி, யோகராசாவின் முன் மணலில் முழங்கால் மடித்து இருந்தார்.

"நாங்கள் எல்லா இடமும் தேடினோம். உங்கள் மகளைக் கண்டுபிடிக்க முடியவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்."

நான் தமிழில் சொல்லத் தொடங்கினேன். யோகராசா கையைக் காட்டி நிறுத்தினார். "விளங்கினது அக்கா." பிறகு அதிகாரியிடம், "டங்க" என்றார். நன்றி. அவ்வளவுதான்.

6

அவர் அடுத்த நாள் காலை பஸ்ஸில் போனார். எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. கிழமை கிழமையாகத் தபாலைப் பயத்துடன் திறந்தேன். பொலிஸிலிருந்து கடிதம் வரவில்லை. தீயணைப்புப் படைக்கு ஒரு தட்டு ரோல்ஸ் பொரித்துக்கொண்டு போனேன். உறைப்பு என்று சொல்லிச் சொல்லி எல்லாவற்றையும் சாப்பிட்டார்கள். அவர்களிடம் உண்மையைச் சொன்னேன். "எங்களுக்கு அன்றைக்கே தெரியும்" என்றார் ஒருவர்.

இந்தக் கிழமை யோகராசா தொலைபேசி எடுத்தார்.

"அக்கா, அந்தப் படிவம் நிரப்பி அனுப்பிப்போட்டன். நாலாம் பக்கமும் எழுதினனான்."

"என்ன எண்டு?"

"ஜேர்மனியில, பொலிசும் தீயணைப்புப் படையும் எண்டு. ஊரில அதை ஏற்பினமோ தெரியாது. ஆனால் பொய் இல்லைத்தானே?"

"பொய் இல்லை."

"இத்தினை வருசமா திவசம் குடுக்கத் திகதி இல்லாமல் இருந்தனான். எந்த நாளெண்டு குடுக்கிறது? இப்ப பொலிஸ் தேடின அண்டைய நாளை வைச்சிருக்கிறன். நாளைக்கு. இஞ்ச கோயில் ஐயர் ஓமெண்டிட்டார்."

அபிராமி அப்போது என் வீட்டில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது வருகிறாள். அவர் சொன்னதை அவளுக்குச் சொன்னேன். கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தவள் தண்ணீரை நிறுத்தினாள்.

"அம்மா, நீங்கள் அண்டைக்கு ஏன் சொல்லேல்லை?"

நான் மேசையைத் துடைத்தேன்.

"நீங்களும் ஆரையும் தேடுறீங்களோ?"

பிறந்து இருபத்தாறு வருடத்தில் அவள் அதைக் கேட்டதில்லை. கேட்காதது அவள் பிழையல்ல. கேட்கும்படி நான் நடந்துகொண்டதில்லை.

"தம்பி ஒருத்தன் இருந்தவன்" என்றேன். "கடைக்குப் போனவன், திரும்பி வரேல்லை. பத்தொன்பது வயசு."

"பேர்?"

"இளங்கோ."

"இலங்கோ."

"இளங்கோ" என்று திருத்தினேன். நாக்கை மடித்துக் காட்டினேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு என் முன்னால் வந்து இருந்து, சரியாக வரும்வரை சொல்லிப் பார்த்தாள்.